மார்னி என்ன கத்தினாள்

பிரைடியின் வலது காலைப் பற்றிக் கூனமாரில் எல்லாருக்கும் தெரியும். எதிர்க்காற்று வீசுகிற நாளில்கூட அவள் கையிலிருந்து விட்டு உதைத்த முட்டை வடிவப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போய் நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையில் இறங்கும். ஊரில் பெண்களின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி தொடங்கியதிலிருந்து அதிக கோல் அவளுடையதுதான். அவள் அப்பாவும் அதே மைதானத்தில் ஆடியவர். ஸ்கோர் பலகைக்கு மேலே அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். இடது காலைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேச அதில் ஒன்றும் இல்லை. அது நிற்பதற்கான கால்.

பக்கத்து ஊர் டால்வுட் அணிக்காரிகள் மட்டும் அதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள் என்பது இறுதி ஆட்டத்தன்று தெரிந்தது. அவளுடைய வலது பக்கத்தை மட்டும் அடைத்துக்கொண்டு, இடது பக்கத்தைத் தாராளமாகத் திறந்து விட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் சுற்றி வளைத்து வலது காலுக்குப் பந்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் அங்கே ஒருத்தி காத்திருந்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். கூனமார் நான்கு புள்ளி பின்னால் இருந்தது. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி; அது விழுந்தால் கோப்பை. மழையில் ஊறிய பந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்த கூட்டத்திலிருந்து பிதுங்கி நேராக பிரைடியின் கைக்கு வந்தது. கம்பங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இடது பக்கம் வெறும் புல். வலது பக்கத்திலிருந்து டால்வுட்டின் நெட்டைக்காரி ஓடி வந்துகொண்டிருந்தாள். கோலுக்கு முன்னால் நின்ற அவள் அணிக்காரி மார்னி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உயிர் போகிற மாதிரி கத்தினாள்.

"இடது! பிரைடி, இடதுல அடி!"

இடது காலால் லேசாகத் தட்டியிருந்தாலே போதும். பிரைடி வலது பக்கம் திரும்பினாள்.

நெட்டைக்காரி அவளை இடுப்போடு கட்டிச் சேற்றில் சாய்த்தாள். பிடிபட்ட பிறகும் பந்தை விடாமல் வைத்திருந்ததால் அம்பயர் விசில் ஊதிப் பந்தை டால்வுட்டுக்குக் கொடுத்தார். அவர்கள் அதை உதைத்து ஆகாயத்தில் அனுப்பியபோது ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்தது.

கிளப் அறைக்கு வந்தார்கள். பயிற்சியாளர் ரோஸ்லின் குரலை உயர்த்துகிற ரகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். பிரைடிக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்.

"ஏம்மா திரும்பின? அந்தப் பக்கம் காலியாத்தானே இருந்துச்சு?"

எனக்கு இடது கால் வராது. அவ்வளவுதான் பதில். இந்த வயதில், இத்தனை கோலுக்குப் பிறகு, அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். பிரைடியின் வாயில் வேறொன்று வந்தது.

"மார்னிதான் உள்ள திரும்பு, உள்ள திரும்புன்னு கத்தினா. அதான் திரும்பினேன்."

எதிர் பெஞ்சில் மார்னி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. தலையைத் தூக்கி பிரைடியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது போலப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்த மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி குனிந்து மற்ற ஷூவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"சரி விடு. அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்" என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் எழுந்தாள்.

ரோஸ்லின் விட்டுவிட்டாள். ஊர் விடவில்லை.

மார்னி வெளியூர்க்காரி. பால் டேங்கர் ஓட்டுகிற வேலைக்காக வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சொந்தம் என்று அங்கே யாரும் இல்லை. 'உள்ள திரும்பு' என்பது அவளுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. பெட்ரோல் போட நின்றால், "பாத்து மார்னி, ரோடு அந்தப் பக்கம்" என்பார்கள். பேக்கரி நடத்துகிற ரெனேதான் இதிலெல்லாம் முன்னால் நிற்பாள். அணியிலேயே வாய் நீளம் அவளுக்கு. வருஷக் கடைசி விருந்தில் பரிசெல்லாம் கொடுத்து முடித்ததும் ரெனே மேடையில் ஏறி, வண்ணக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே கப்பலில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு திசைகாட்டி.

"இந்தா மார்னி. அடுத்த வருஷம் கோல் எந்தப் பக்கம் இருக்குன்னு இதுல பாத்துட்டு அப்புறமாக் கத்து!"

அறையே அதிர்ந்தது. மார்னி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். "தாங்க்ஸ்" என்றாள். ஒரு சிரிப்பைக்கூட முகத்தில் கொண்டுவந்தாள். பிரைடியும் சிரித்தாள். கை தட்டினாள்.

அந்தச் சிரிப்புதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. பொய்யாவது வாய் தவறி வந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. சிரித்ததற்கு அப்படி ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. விடிகாலையில் மாடுகளுக்குக் கறவைக் குழாய்களை மாட்டும்போது அது நினைவுக்கு வரும். தனியாக நிற்கும்போதே முகம் சூடேறும். மார்னியின் டேங்கர் ஒன்று விட்டு ஒரு நாள் அவர்கள் பண்ணைக்கும் வந்தது. பாதையில் அதன் சத்தம் கேட்டதும் பிரைடி கன்றுக்குட்டிகளின் கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே கழுவின வாளியை மறுபடி கழுவுவாள். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் வெளியே வருவாள்.

கோடை பிறந்ததும் அவள் இடது காலால் உதைக்கப் பழக ஆரம்பித்தாள். கால் சரியாகிவிட்டால் மற்றதும் எப்படியோ சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஊர் மைதானத்துக்குப் போகவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? கறவைக் கொட்டகைக்குப் பின்னால், தீவனக் குவியலுக்கு மேலே பாரமாக அடுக்கியிருந்த பழைய டயர்களைக் குறிவைத்து உதைத்தாள். பந்து எங்கெங்கோ போனது. கணுக்காலில் பட்டுப் பக்கவாட்டில் ஓடியது. முழங்காலில் பட்டு அவள் முகத்துக்கே வந்தது. ஒரு நாள் சாணித் தண்ணீர் தேங்குகிற குட்டைக்கு நடுவில் போய் விழுந்து மிதந்தது. அவள் கணவன் ஜெத் நீளமான வாரியைக் கொண்டுவந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே அதைக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

"நம்ம மாடுங்க இதைவிட நல்லா உதைக்குமே பிரைடி."

"போய் உன் வேலையப் பாரு."

"கோச்சுக்காதே. ஊர்லயே இடது கால்காரி ஒருத்திதான் இருக்கா. நாளைக்கு நம்ம வாசலுக்கே வர்றா. மார்னிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"வேணாம்."

"ஏன்? தப்பாக் கத்தினான்னு இன்னும் அவ மேல கோபமா?"

பிரைடி குழாயைத் திறந்து பந்தைக் கழுவினாள். ஜெத்துக்கும் உண்மை தெரியாது. அவனும் ஊர் நம்பியதைத்தான் நம்பியிருந்தான்.

ஒரு நாள் டேங்கர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பிரைடிக்குச் சத்தம் கேட்கவில்லை. அவள் உதைத்த பந்து கொட்டகை மூலையைச் சுற்றி உருண்டு ஓடியது. பின்னால் ஓடியவள் மார்னியின் ரப்பர் பூட்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். மார்னி பால் தொட்டியில் குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். பந்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"குட்டையில விழுந்துச்சா?"

"ம்."

மார்னி இரண்டடி வைத்து இடது காலால் உதைத்தாள். பந்து சீராகச் சுழன்று வந்து பிரைடியின் நெஞ்சில் உட்கார்ந்தது. பிறகு திரும்பி, பரிசோதனைக்குப் பால் மாதிரி எடுக்கிற புட்டியைத் திறந்தாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அடுத்த முறை வந்தபோது குழாயை மாட்டிவிட்டு மார்னியாகவே கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். மோசமான உதையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை போல.

"உனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. கைதான் தப்பு."

"கையா?"

"வலது காலுக்கு வலது கைதானே பந்தைக் கீழ கொண்டு போகுது? இடது காலால உதைக்கறப்பவும் நீ வலது கையாலதான் விடற. அப்புறம் அது குறுக்க விழாம என்ன செய்யும்? உதைக்காதே. விடு, அவ்வளவுதான். இடது கையால விடு. கீழ கூர்முனை படணும், பட்டதும் நேரா உன் கைக்கே திரும்பி வரணும்."

பிரைடி சிமெண்ட் தரையில் பந்தை விட்டாள். அது கோணலாக எகிறி மார்னியின் முழங்காலில் போய் இடித்தது.

"எதிர்ல நின்னு என்னைப் பாக்காதே, எல்லாம் மாறித் தெரியும். பக்கத்துல வா. இப்படி நில்லு."

டேங்கரின் பம்பு ஓடி முடிகிற வரைக்கும்தான் பாடம். தொட்டி காலியானதும் பம்பின் சத்தம் மாறும். மார்னி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். மாடுகளும் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. முதலில் பந்தை விடுவது, பிறகு நின்ற இடத்திலிருந்தே தட்டுவது, பிறகு நடந்துகொண்டே உதைப்பது. "ஐயோ, தோளைத் திருப்பாதேடி", "அங்கதான், இப்பப் பாரு", "இது பந்து, பூசணிக்காய் இல்ல" என்று மார்னி சொல்லிக்கொண்டிருப்பாள். சில நாள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்படிச் சிரித்த நாளில்தான் பிரைடிக்கு உள்ளே ரொம்ப மோசமாக இருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். வார்த்தைகளைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருப்பாள். பம்பின் சத்தம் மாறும். மார்னி போய்விடுவாள். பந்தும் பிரைடியும் நிற்பார்கள். தான் கெடுத்த ஒருத்தியிடமே கை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம், வாங்கியும் வாயைத் திறக்காமல் இருக்கிறோம் என்பது நாளுக்கு நாள் கனத்தது. பந்து நேராகப் போகப் போக அது இன்னும் கனத்தது.

அணியின் பயிற்சி ஆரம்பித்தது. மார்னி வரவில்லை. யாரும் அவளைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு காலை, பிரைடி இடது காலால் அடித்த பந்து ஒரு டயரின் நட்டநடுவில் போய்ப் பட்டது. "அது!" என்று மார்னி கை தட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் பிரைடி கேட்டுவிட்டாள்.

"இந்த வருஷம் நீ ஏன் பயிற்சிக்கு வரல?"

மார்னியின் கை இறங்கியது. அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

"உனக்குத் தெரியாதா?"

இதைவிட நல்ல நேரம் வராது. கதவைத் திறந்து வைத்தாயிற்று, உள்ளே போக வேண்டியதுதான்.

"ஷிஃப்ட் மாத்திட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றாள் பிரைடி.

பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மார்னி திரும்பிப் போய், அது ஓடி முடிகிறவரை டேங்கருக்குப் பக்கத்தில் நின்றாள். குழாயைக் கழற்றினாள். வண்டி போய்விட்டது.

அடுத்த முறை வேறு டிரைவர் வந்தான், தாடிக்காரன்.

"மார்னியா? மேற்கு ரூட் வேணும்னு கேட்டு வாங்கிட்டா. இங்க பாதை சரியில்லையாம்."

பாதையில் எந்தக் குறையும் இல்லை.

சீசன் தொடங்கிய சில வாரங்களில் டால்வுட் அணி கூனமாருக்கு ஆட வந்தது. நல்ல வெயில். மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. நெட்டைக்காரி பழையபடி பிரைடியின் வலது பக்கத்தை அடைத்தாள். முதல் பந்திலேயே பிரைடி ஓட்டத்தை நிறுத்தாமல், இடது கையால் பந்தைக் கீழே விட்டு இடது காலால் உதைத்தாள். பந்து லேசாக ஆடிக்கொண்டே போனது. ஆனால் கம்பங்களுக்கு நடுவே போனது. ஒரு கணம் யாருக்கும் நம்ப முடியவில்லை. பிறகு எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. நெட்டைக்காரி, "எப்படி இது?" என்று வாய்விட்டே கேட்டாள். கூனமார் சுலபமாக ஜெயித்தது.

கிளப் அறையில் இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பையும் சாஸும் பீரும் சுற்றி வந்தன. ரெனே நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"இந்தத் தடவை ஏன் ஜெயிச்சோம் தெரியுமா? உள்ள திரும்புன்னு கத்த ஆள் இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரைடியின் தோளில் கை வைத்தாள்.

"அது கிடக்கட்டும். யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? இத்தனை வருஷத்துல நீ இடது காலால உதைச்சு நான் பாத்ததே இல்ல."

பிரைடியின் கையில் கடித்து வைத்த மீட் பை இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

"மார்னி" என்றாள்.

"எந்த மார்னி? நம்ம மார்னியா?"

"ஆமா. எங்க பண்ணையில வச்சு. அவ உள்ள திரும்புன்னு கத்தவே இல்ல ரோஸ். இடதுல அடின்னுதான் கத்தினா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எனக்கு இடது கால் வராது, அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அவ மேல போட்டுட்டேன்."

தன் முகம் எப்படிச் சிவந்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. ரெனே நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? ஜெயிச்ச நாள்ல..."

யாரோ இருமினார்கள். இரண்டு பேர் காலித் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். ரோஸ்லின் பிரைடியின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் உன்கிட்டதான் கேட்டேன்" என்றாள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "எதிர்லயே உக்காந்திருந்தா. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

சொன்னால் பாரம் இறங்கும் என்று பிரைடி நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே ஜெத் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

மறுநாள் மதியம் அவள் மார்னியின் வீட்டுக்குப் போனாள். பால் தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் ஒன்று. மார்னி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிரைடி வேலிக்கு வெளியிலேயே நின்று சொன்னாள். வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. பொய்யைச் சொன்னது, விருந்தில் சிரித்தது, பண்ணையில் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தன. மார்னி துணிக்குக் கிளிப் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னியா?"

"சொன்னேன்."

"யாராவது ஆச்சரியப்பட்டாங்களா?"

பிரைடி அடங்கிப்போன அந்த அறையையும் அங்கிருந்த முகங்களையும் நினைத்துப் பார்த்தாள். 'அப்படியா?' என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

"இல்ல" என்றாள்.

"ரெனே என் பக்கத்துலதான் நின்னா, அன்னைக்கு. அவளும் இடது இடதுன்னுதான் கத்தினா. என்னைவிடச் சத்தமா." மார்னி ஒரு போர்வையை உதறினாள். "நீ பொய் சொன்னப்ப யாராவது ஒருத்தி இல்லைன்னு சொல்லுவாளான்னு பாத்தேன். நான் சொன்னா எடுபடாது. உங்கப்பா பேரு பலகையில இருக்கு, நான் லாரி ஓட்டறவ. உங்கள்ல ஒருத்தி சொல்லணும். யாரும் சொல்லல. திசைகாட்டியைக் குடுத்தப்பகூட, இப்பவாவதுன்னு பாத்தேன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லிக் குடுத்த?"

மார்னி யோசித்தாள். அவளுக்கே சரியாகத் தெரியவில்லை போலிருந்தது.

"நீ அவ்வளவு கேவலமா உதைச்ச. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்புறம், நீயா சொல்லுவேன்னு நெனச்சேன். தினமும் சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்கின. எனக்குத் தெரியாம இருக்குமா?"

பிரைடி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மார்னி அவளைத் தேற்றவில்லை. கூடை காலியாகிற வரைக்கும் துணியை உலர்த்தினாள்.

"திரும்பி வா மார்னி. ரோஸும் காலையில போன் பண்ணிக் கேக்கச் சொன்னா."

"டால்வுட்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து அங்கதான் ஆடப் போறேன்." காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ வந்து சொன்னது நல்லதுதான். ஆனா இப்ப நான் என்ன சொல்லணும்னு எதிர்பாக்கற? பரவாயில்லைன்னா? எனக்கு அப்படித் தோணல."

"எதிர்பாக்கல."

"அப்ப சரி."

குளிர்காலத்தின் நடுவில் கூனமார் டால்வுட்டுக்கு ஆடப் போனது. மார்னி நீலச் சட்டையில் கோலுக்கு முன்னால் நின்றாள். ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் அவள் பந்தோடு ஓடி வந்தபோது எதிரே இருந்தது பிரைடி. மார்னி இடது கால்காரி என்பது பிரைடியைவிட யாருக்குத் தெரியும்? இடது பக்கத்தை இறுக்கி அடைத்தாள். மார்னி துளிகூடத் தயங்காமல் வலது காலால் உதைத்தாள். பிரைடி பாய்ந்து ஈரப் புல்லில் குப்புற விழுந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்பயர் கோல் என்று காட்ட இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். மார்னி திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்கு ஓடினாள். அன்று கூனமார் தோற்றது.

ஆட்டம் முடிந்து டால்வுட்காரர்களின் கேன்டீன் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. ரெனே காரை விட்டு இறங்கவே இல்லை. "நீ போய் எனக்கும் ஒரு மீட் பை வாங்கிட்டு வாடி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பிரைடி போய் நின்றபோது அவளுக்கு முன்னால் மார்னி நின்றிருந்தாள், ஈரத் தலையோடு. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. நின்றாள்.

"வலது கால் எப்பக் கத்துக்கிட்ட?" என்று கேட்டாள்.

"சின்ன வயசுலயே. ரெண்டு காலும் வரும் எனக்கு. உன்கூட அத்தனை வருஷம் ஆடினேன், நீ பாத்ததில்லையா?"

பிரைடி பார்த்ததில்லை. பந்து தன் கைக்கு வந்தால் கம்பங்களைத்தான் பார்ப்பாள். மற்றவர் கைக்குப் போனால் தன் கைக்கு எப்போது வரும் என்று பார்ப்பாள். மறுபடியும் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"இல்ல. பாத்ததில்ல" என்றாள்.

மார்னி தலையாட்டினாள். வரிசை ஓரடி நகர்ந்தது. அவளுடைய முறை வந்தது. மீட் பையையும் தேநீரையும் வாங்கிக்கொண்டு, போகத் திரும்பியவள் நின்றாள்.

"தாடிக்காரன் லீவுல போறான். அடுத்த வாரம் உங்க பக்கம் நான்தான் வரணும். ஜெத்கிட்ட சொல்லு, கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற மரத்துக் கிளை ரொம்பத் தாழ்ந்து தொங்குதாம். டேங்கர் மேல உரசுதுன்னு சொன்னான்."

"வெட்டச் சொல்றேன்."

"ம்" என்றுவிட்டு மார்னி தன் அணிக்காரிகள் நின்ற பக்கம் போனாள். அவர்களில் ஒருத்தி ஏதோ சொல்ல, அவள் வாய் நிறைய மீட் பையோடு சிரித்தாள்.

மறுநாள் காலை கறவை முடிந்ததும் பிரைடி ஏணியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கிளை அவள் நினைத்ததைவிடத் தடிமனாக இருந்தது. பாதி அறுத்ததும் ரம்பம் சிக்கிக்கொண்டது. ஜெத் டிராக்டரில் வந்து நிறுத்தினான்.

"இறங்கு, நான் வெட்டறேன்."

"வேணாம்" என்றாள் பிரைடி. ஏணியில் கொஞ்சம் மேலே ஏறி, ரம்பத்தை அசைத்து விடுவித்து, மறுபடி அறுக்கத் தொடங்கினாள்.